இரண்டு நிற நெற்றி

என் வீட்டுக்காரரின் நெற்றிக்கு இரண்டு நிறம். புருவத்திலிருந்து இரண்டு விரல் உயரம்வரை கன்னத்தைப் போலவே கறுத்திருக்கும். அதற்கு மேல், முடி தொடங்கும் இடம்வரை, உள்ளங்கை நிறத்தில் வெளுப்பாக ஒரு பட்டை. அவர் சுவரில் எழுதும் பெயிண்டர். பகல் முழுக்க ஏணியில் நிற்கிற ஆள் தலையில் தோர்த்து கட்டாமல் நிற்க முடியாது. துண்டைத்தான் எங்கள் பக்கத்தில் தோர்த்து என்போம். கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிளைக்கு மேல்நெத்தியில பவுடர் கூடிப்போச்சு, கொஞ்சம் தொடைங்க" என்றார். துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். பவுடர் இருந்தால்தானே போகும்? கடைசியில் கீழ்நெற்றியிலும் கன்னத்திலும் பவுடரை அப்பி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஆல்பத்தில் அவர் மாவுச் சட்டியில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருப்பார். இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. போன வருடம் அவர் தன் முகத்தைத் தானே வரைந்தார். அந்தப் படத்தால் எங்கள் வீட்டில் பதினொரு நாள் பேச்சில்லாமல் போனது. தப்பு என் மேல். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லையென்றால் சொல்லிக்கொண்டே போகிற வாக்கில் நியாயத்தையெல்லாம் என் பக்கம் இழுத்துவிடுவேன். எனக்கு அந்தப் புத்தி உண்டு.

தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் என் தையல்கடை. பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். தேர்தல் வந்தால் கொடி. எந்தக் கட்சிக் கொடியானாலும் தைத்துக் கொடுப்பேன். துணிக்குக் கட்சி கிடையாது என்பதுதான் என் கட்சி. அவர் அப்படியில்லை. கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், சிமெண்ட் விளம்பரம் எல்லாம் எழுதுவார். கட்சிச் சுவர் என்றால் தன் கட்சிக்கு மட்டும்தான் எழுதுவார், அதுவும் கூலி வாங்காமல். மற்றக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டால், "அந்தச் சின்னம் எனக்குக் கைக்கு வராது" என்று அனுப்பிவிடுவார். இருபது வயதில் கீரிப்பாறை ரப்பர் தோட்டத் தொழிலாளிகளின் ஊர்வலத்துக்குத் துணியில் எழுதிக் கொடுக்கப் போனவர், துணியின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை என்று தானே பிடித்துக்கொண்டு நடந்தார். அன்று பிடித்ததை இன்னும் விடவில்லை.

அவர் கட்சியில் சாமி கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர் அந்த ரகம் இல்லை. நானும் என் மாமனாரும் அய்யாவழி. நாங்கள் கும்பிடும் இடமான தாங்கலில் சிலை கிடையாது. விளக்குகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும். அதன் முன்னால் நின்று நம்மை நாமே பார்த்துக் கும்பிட வேண்டும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். எங்கள் ஆட்கள் தலையில் துணி கட்டினால் அடி விழுகிற காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்தது. எங்களுக்கு இந்த வழியைத் தந்த அய்யா, கட்டுங்கள் என்றார். கட்டினார்கள்.

இந்தச் சரித்திரத்தை என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார். மேடையில் ஏறினால், தலைப்பாகை எப்படி ஒரு போராட்டம் என்று கால் மணி நேரம் பேசுவார், கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். வீட்டுக்கு வந்தபிறகு, "அப்பம் ஞாயிற்றுக்கிழமை கெட்டிட்டு வாருங்களேன்" என்று நான் சொன்னால், "அது வேற, இது வேற" என்பார். எது வேறு, எது இது என்று கேட்டால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்.

மாமனார் வாழைக்குலை வியாபாரி. தோளில் காய்ப்பு ஏறிய மனிதர். நான் அந்த வீட்டுக்குள் வந்த வருடம், அவருடைய வெள்ளைத் தோர்த்தின் இரண்டு முனையிலும் காவி நூலால் மெல்லிய கரை அடித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்கு அதைத்தான் கட்டுவார். "மருமவ தைச்சதாக்கும்" என்று கேட்காதவர்களிடமும் காட்டுவார். மகன் பன்னிரண்டு வயதுவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாங்கலுக்குப் போனவர்தான். தோர்த்தை நெற்றியில் அழுத்தி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை வலது காதுக்கு மேலே சொருகும் கட்டு அவர் சொல்லிக் கொடுத்தது. மகன் கட்சிக்குப் போனபிறகு அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவன் நல்லவனாக்கும்" என்பார். அதற்கு மேல் அவருக்கு அரசியல் கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் மாமனார் இறந்தார். எங்கள் வழக்கப்படி வடக்கே பார்த்து உட்காரவைத்துக் குழி மூடவேண்டும். தாங்கலில் பணிவிடை செய்கிற பெரியவர், மாமனாரின் அந்தத் தோர்த்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "மவன் தலப்பா கெட்டிட்டு வந்து மண்ணு போடணும்" என்றார். குழிக்கு அந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். இவர் தோர்த்தைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார்.

"நான் கெட்டமாட்டேன். இப்பிடியே போடுகேன்" என்றார்.

வெறுந்தலையோடு மண் போட்டார். அந்தத் தோர்த்தை யாரோ என் கையில் திணித்தார்கள். பெற்ற தகப்பனுக்கு ஒரு நிமிடம் அதைச் சுற்றிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு வெப்ராளம் தாங்கவில்லை. அழுதது மாமனாருக்காகவா இந்தக் கோபத்துக்காகவா என்று எனக்கே தெரியாது.

பதினாறு கழிந்து அவர் வேலைக்குக் கிளம்பிய காலையில், "தோர்த்து எங்கட்டி?" என்று வாசலில் நின்று கேட்டார். அவருடைய வேலைத் தோர்த்துகள் கொடியில் கிடந்தன. நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்து மாமனாரின் தோர்த்தை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை. பழக்கப்பட்ட கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வலது காதுக்கு மேலே சொருகிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வரும்போது தோர்த்தில் சிவப்பு வழிந்து கிடந்தது. கட்சி மாநாட்டுக்குச் சுவர் எழுதியிருக்கிறார். காவிக் கரை இருந்த இடமே தெரியவில்லை.

அன்று எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்ததை மறைக்கமாட்டேன். நீங்கள் மாட்டேன் என்றதைக் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சோறு பரிமாறினேன். நாள் போகப் போக அந்தக் கோபம் தேய்ந்துவிட்டது. தோர்த்து மட்டும் நின்றது. வாரத்தில் நாலு நாள் அதையே எடுத்துக் கொடுப்பேன். மாமனாரின் துணி அவர் மகனை வெயிலிலிருந்து காக்கிறது என்று நினைக்கையில் மனம் இளகும். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிடுவேன். அப்படியே ஆறு வருடம் ஓடியது.

போன வருடம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நாகர்கோவிலில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். ஆளுக்கொரு படம், தன் முகத்தைத் தானே வரைந்தது. கடிதத்தின் மேலே "ஓவியர் அவர்களுக்கு" என்று போட்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அவரைப் பெயிண்டர் என்றுதான் எல்லோரும் அழைத்திருக்கிறார்கள். அவர் அந்தக் கடிதத்தை நாலுமுறை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து வேறு சட்டையில் வைத்தார்.

முதல் படத்தைப் பாஸ்போர்ட் ஃபோட்டோவில் கட்டம் போட்டு வரைந்தார். சுவரில் தலைவர்களின் முகத்தை எழுதுகிற முறை அது. அதற்கென்று அவர் கைக்குச் சில பழக்கங்கள் உண்டு. வயதில் பத்தைக் குறைக்க வேண்டும். மறு, தழும்பு எதுவும் ஆகாது. கன்னத்தில் கொஞ்சம் ரோஸ். கண் நேராகப் பார்க்கக் கூடாது. எதிரே போகிற பஸ்ஸின் கூரைக்கு மேலே தூரத்தில் எதையோ பார்க்க வேண்டும். வரைந்து முடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்த்தேன். இப்படிப் பார்த்தேன், அப்படிப் பார்த்தேன்.

"கொள்ளாம். இவரு எந்தத் தொகுதியில நிக்காரு?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் தொங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டி, வேற மொகம் எழுத எனக்குத் தெரியாதோ என்னமோ" என்றார். பாவமாக இருந்தது. கிண்டலை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

என் கடையில் துணி போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வீட்டிலிருக்கும் ஷேவிங் கண்ணாடி எதற்கு ஆகும், கடைக்கு வந்து வரையுங்கள் என்றேன். தாங்கலில் உச்சிப்படிப்பு என்கிற மத்தியான வழிபாடு முடிந்து நான் போய்ச் சேரும்போது அவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். நானும் மிச்சமிருக்கும் தையலை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்காருவேன். ஒரு கண்ணாடி முன்னாலிருந்து வந்து இன்னொரு கண்ணாடி முன்னால் நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

இரண்டாவது படத்தில் கட்சி மாநாட்டில் போர்த்திய சிவப்புச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சால்வையின் மடிப்பிலேயே போயிற்று. தொட்டால் நூல் கையோடு வரும்போல அவ்வளவு அழகு. முகம் மட்டும் சால்வைக்கு மேலே ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

"சால்வை நல்லா வந்திருக்கு. ஆளைக் காணல்லியே" என்றேன். இந்த முறை மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "அத எடுத்துட்டா நான் ஆராக்கும்? நீயே சொல்லு. இருபது வயசுல கேறினேன். எனக்கக் கூட்டாளிகளெல்லாம் அங்கதான். நல்லதும் கெட்டதும் அங்கதான். அதக் கழிச்சா என்ன மிச்சம் இருக்கு?"

வாதத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கண்ணாடிக்கு முன்னால் தோளிலிருந்து ஒரு துணியை எடுக்கப் பயந்து நிற்கிறார். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்ற அவசரத்தில், யோசிக்காமல் வாயை விட்டேன்.

"ஒங்கள நான் சால்வையோட காணுகது வருசத்துல ரெண்டு நாளு. தோர்த்து கெட்டித்தான் நெதமும் காணுகேன். அதக் கெட்டிட்டு நில்லுங்க. எனக்கு அந்த ஆளத்தான் தெரியும்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைத் தோர்த்தைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். எந்தத் தோர்த்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் கையில் அகப்பட்டது அதுதான்.

அந்தப் படம் வந்தது. மூக்கின் பக்கத்து மறு வந்தது. கீழ் இமைத் தொங்கல் வந்தது. கண் நேராக என்னைப் பார்த்தது. மெஷினிலிருந்து தலையைத் தூக்கும்போதெல்லாம் இரண்டு வீட்டுக்காரர் இருப்பதைப் பார்த்து எனக்கு வெட்கமாகக்கூட வந்தது. முகம் முடிந்து தோர்த்துக்கு வந்தார். பள்ளிக்கூடச் சுவரின் பச்சை, பெயர்ப்பலகை நீலம், கட்சிச் சிவப்பு என்று ஒவ்வொரு கறையாக, ரசித்து, நிதானமாக வரைந்தார். நடுவில் கை நின்றது. தோர்த்தை அவிழ்த்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏட்டி, இந்தச் சொவப்புக்கு அடியில ஒரு நூலு ஓடுது. காவி."

என் கால் பெடலில் நின்றுவிட்டது.

"இது நீ அடிச்ச கரைதானே?"

"ஆமா."

"ஆருக்கு அடிச்சது?"

"மாமாவுக்கு."

அவர் தோர்த்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பம் முதலு எனக்குத் தாற?"

"பதினாறு கழிஞ்சு வேலைக்குப் போனீங்களே, அண்ணு முதலு."

"ஆறு வருசம்."

"ஒரு தோர்த்துதானே" என்றேன். சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"தோர்த்துதான்னா நீ ஏன் பறையல்ல?" குரலை உயர்த்தவில்லை. "நான் கெட்டமாட்டேன்னு அத்தன பேரு முன்ன சொன்னேன். அது சரியா தப்பான்னு இண்ணும் எனக்குத் தெரியாது. ஆனா அது நான் சொன்னது. அதுக்காவ ஆறு வருசமா உள்ளுக்குள்ள அனுபவிக்கேன். நீ எனக்கத் தலையில கை வச்சு அத இல்லாம ஆக்கிப்போட்டியே."

தோர்த்தை மெஷின்மேல் வைத்தார். ஈரம் காயாத படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். உள்ளுக்குள்ளே அனுபவிக்கிறேன் என்ற சொல்லைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதருக்கு அப்படி ஒரு வேதனை இருந்தது எனக்குத் தெரியாது. கல்நெஞ்சு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் வெறுந்தலையோடு வேலைக்குப் போனார். அப்போது மயிலாடியில் ஒரு பள்ளிக்கூட மதில் எழுதிக்கொண்டிருந்தார். நிழலே இல்லாத இடம். புதுத் தோர்த்துகள் வாங்கிக் கொடியில் போட்டேன். தொடவில்லை. என் கையிலிருந்து வருகிற எந்தத் துணியையும் அவர் நம்பத் தயாராக இல்லை. சாயங்காலம் தலைவலியோடு வந்து, தானே தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தார். ஐந்தாம் நாள், "நான் செய்தது தப்புதான்" என்றேன். "ம்" என்றார். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

அந்த நாட்களில் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒன்று உண்டு. சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். அவர் நெற்றியின் வெளுப்புப் பட்டை கறுத்துக்கொண்டே வந்தது. தெருவில், கட்சி ஆபீஸில், ஏணியில் எங்கே பார்த்தாலும் தோர்த்துக்கு அடியில் மறைந்திருப்பது அது. வீட்டுக்கு வந்து அவிழ்த்தபிறகுதான் தெரியும். கல்யாணத்தன்று படம் எடுத்தவர் ஒருவரைத் தவிர, அது என் ஒருத்திக்கு மட்டுமே உரியது என்று நான் பாத்தியதை கொண்டாடிக்கொண்டிருந்தேன். அது அழிகிறதே என்று சோறு பரிமாறும்போது நெற்றியையே பார்ப்பேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

கண்காட்சி பன்னிரண்டாம் நாள். அவர் விடியற்காலையிலேயே படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பத்து மணி பஸ்ஸில் நானாகப் போனேன். அந்தப் படத்தில் தகப்பனின் தோர்த்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சால்வையைப் போர்த்தியிருப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். அப்படி இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது, அது அவர் முகம், அவர் இஷ்டம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவர் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அன்று குழிப்பக்கம் மாலையோடு நின்ற மூத்த தோழரும் இருந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்று தோள்களுக்கு இடையில் பார்த்தேன்.

படத்தில் சால்வை இல்லை. தோர்த்தும் இல்லை. வெறுந்தலை. நான் தைத்த கட்டம்போட்ட சட்டை. அவருக்கு ஒரு தோள் இறக்கம். வருடக்கணக்காகப் பெயிண்ட் டின் தூக்கிய தோள். அந்த இறக்கத்தைக்கூட அப்படியே வரைந்திருந்தார். நெற்றி இரண்டு நிறத்தில் இருந்தது. நிஜ நெற்றியில் பாதி கறுத்துப்போன பட்டை, படத்தில் கல்யாணத்தன்று இருந்ததுபோல முழுசாக, வெளுப்பாக இருந்தது. வலது காதுக்கு மேலே, கட்டின் நுனி அழுத்தி அழுத்திப் பள்ளமான இடத்தையும் விடவில்லை. பதினொரு நாள் சாத்திய கதவுக்குப் பின்னால், முன்பு வரைந்திருந்த தோர்த்தை அழித்துவிட்டு, அதற்கு அடியில் இருந்ததை வரைந்திருக்கிறார்.

"தோழர், மொகம் அப்படியே இருக்கு" என்றார் மூத்த தோழர். "இந்த நெத்தியில மட்டும் என்ன, பெயிண்ட் தீந்துபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெயில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"தோர்த்து கெட்டின தடமாக்கும், தோழர்" என்றார் இவர். படத்தின் நெற்றியைக் காட்டினார். "அப்பாவுக்கத் தோர்த்து. குழியில நான் வேண்டாம்னு சொன்னது. பின்ன ஆறு வருசம் அதத்தான் கெட்டியிருக்கேன். தெரியாமத்தான் கெட்டினேன். ஆனா கெட்டினது எனக்கத் தலைதான். அத எப்பிடி இல்லன்னு எழுத முடியும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. மூத்த தோழர் படத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அண்ணு நாங்க நிண்ணதுனாலயாக்கும் நீரு கெட்டாம இருந்தீரு? நாங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோமே."

"நீங்க சொல்லமாட்டீங்க. எனக்கும் தெரியும். நான்தான் எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடத்தின் படியில் உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் என்று நான் வைத்திருந்ததை ஊர் பார்க்கச் சுவரில் மாட்டிவிட்டார். பொறாமையும் பெருமையும் ஒன்றாக வந்தன. சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சாயா குடிக்கியா?" என்றார்.

பன்னிரண்டு நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. குடித்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில், "எடது தோளு எறங்கியிருக்குன்னு நீ ஒருநாளும் சொல்லல்லியே" என்றார். எத்தனையோ வருடமாக அவர் சட்டைக்கு இடது தோளில் அரை இஞ்ச் இறக்கித்தான் வெட்டுகிறேன் என்றேன். "இன்னும் என்னெல்லாம் எனக்குத் தெரியாமத் தைச்சு வச்சிருக்க?" என்று கேட்டார். "இனி ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

இதெல்லாம் நடந்ததால் அவர் தாங்கலுக்கு வந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றுவரை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் போகிறேன். முன்பெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று அவரையும் ஒருநாள் இங்கே கொண்டுவந்து நிறுத்து என்று அய்யாவிடம் கேட்பேன். இப்போது கேட்பதில்லை. அவர் நிற்க வேண்டிய கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார் என்று தோன்றுகிறது.

கண்காட்சிக்கு மறுநாள் காலையில், துவைத்து மடித்து வைத்திருந்த மாமனாரின் தோர்த்தை அவரிடம் கொடுத்தேன். எது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"இத வேலைக்குக் கெட்ட வேண்டாம். கிழிஞ்சிரும். எடுத்து வை" என்றார்.

"அப்பம் வேலைக்கு?"

கொடியில் கிடந்த புதுத் தோர்த்துகளில் ஒன்றை நானே எடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கும் மெஷினில் உட்கார்ந்தேன். காவி நூல் கண்டை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "கரை அடிக்கட்டா?" என்று கேட்டேன்.

அவர் நூல் கண்டைப் பார்த்தார். "இப்பம் அந்தக் கலரப் பாத்தா ஆளுவ வேற கட்சின்னுல்லா நெனைப்பாங்க" என்றார்.

"நெனச்சா நெனைக்கட்டு. கேட்டா நீங்க சொல்லுங்க. இல்ல, வேண்டாம்னா வேண்டாம். வெறும் தோர்த்தாவே கெட்டுங்க."

வாசல்வரை போனார். திரும்பி வந்தார். "அடி. பக்கத்துலயே சொவப்பு நூலு ஒண்ணும் ஓட்டு" என்றார்.

இரண்டையும் ஓட்டினேன். காவி ஒரு வரி, அதை ஒட்டிச் சிவப்பு ஒரு வரி. முடியும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நூலைக் கடித்து அறுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எனக்கு முன்னால் குனிந்து தலையைக் காட்டினார்.

"நீயே கெட்டு" என்றார்.

எனக்குக் கட்டத் தெரியாது. நெற்றியில் அழுத்து, இரண்டு சுற்றுச் சுற்று, நுனியை வலது காதுக்கு மேலே சொருகு என்று அவர் குனிந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்.